டாக்டர் இல்லையென்றால் ஒன்றுமில்லையா? பதுளைப் பிள்ளைகளும் சுகாதாரத் துறைக் கல்வியும்

சில மாதங்களுக்கு முன்னர் எனது பழைய மாணவி ஒருவர் தன் உம்மாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையிலிட்ட ஒரு சான்றிதழ். பொன்னிற எழுத்துகள், சிவப்பு முத்திரை, மூன்று கையொப்பங்கள். நகரத்தில் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய ஒரு தனியார் நிலையத்தில் ஒன்றரை வருடம் படித்துப் பெற்ற தாதியர் டிப்ளோமா அது. கட்டணத்துக்காக உம்மாவின் காப்புகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

"சேர், இத வெச்சி ஆஸ்பத்திரில வேல எடுக்க ஏலுமா?" என்று உம்மா கேட்டார்.

சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் எந்த அரச நிறுவனத்திலும் அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றதற்கான ஒரு வரியோ ஓர் இலக்கமோ அதில் இல்லை. அரச வைத்தியசாலையில் இதை வைத்துத் தாதியாக முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாய் அழவில்லை. "அப்ப ஒண்டரை வருஷமும் சும்மாவா?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். ஏமாற்றிய நிலையத்தைத் திட்டுவது இலகு. அந்தப் பிள்ளை ஏன் அங்கே போக நேர்ந்தது என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

ஆறாம் வகுப்பில் "என்னவாகப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பாதிக் கைகள் "டாக்டர்" என்று உயரும். பதினோராம் வகுப்பில் அதே கேள்விக்குக் கைகள் உயர்வதில்லை. இடையில் நடந்தது என்ன? டாக்டர் என்ற ஒரே கதவைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அது மூடப்பட்டது தெரிந்ததும் சுகாதாரத் துறை முழுவதுமே தமக்கு மூடப்பட்டுவிட்டதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

உண்மையில் ஒரு வைத்தியசாலை டாக்டர்களால் மட்டும் நடப்பதில்லை. தாதியர், மருத்துவிச்சிகள், மருந்தாளர்கள், இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், எக்ஸ்ரே எடுப்பவர்கள், பக்கவாதம் வந்தவரை மீண்டும் நடக்கவைக்கும் இயன்மருத்துவர்கள், ஊருக்குள் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் சுவசெரிய அம்பியூலன்ஸில் வந்து முதலுதவி செய்பவர்கள் என ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. இந்த வரிசையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

பதுளையைப் பொறுத்தவரை இது இன்னும் வேதனையான விடயம். ஏனெனில் வழிகள் எங்கோ கொழும்பில் இல்லை. ஊவா மாகாணத்தின் பெரிய வைத்தியசாலை எங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஒன்றும் பதுளையில்தான் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. குருத்தலாவையிலிருந்தோ சில்மியாபுரவிலிருந்தோ பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளை இவற்றின் அருகாலேயே நடந்து ரியூஷன் வகுப்புக்குப் போகிறது. உள்ளே நுழைவது எப்படி என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அரச தாதியர் பயிற்சி மூன்று வருடங்களைக் கொண்டது. அதற்குக் கட்டணம் கிடையாது. பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியாகும். மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றரை வருடம். அதில் ஒரு பகுதி வைத்தியசாலையிலும் மறு பகுதி ஊர்களுக்குள்ளும் நடக்கும். இதற்கும் வர்த்தமானிதான் வழி. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. பேராதனையில் மருந்தாளர், ஆய்வுகூடம், கதிரியல், இயன்மருத்துவம் ஆகியவற்றுக்கும் பட்டப்படிப்புகள் உள்ளன. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. அந்த 16 மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இவ்வளவும் இருந்தும் எங்கள் பிள்ளை காப்பு அடகு வைத்து மேல்மாடிக்குப் போகிறது.

உயர் தரம்வரை போகாதவர்களுக்கும் ஒரு பாதை உண்டு. அதுதான் என்.வி.கியூ. என்று அழைக்கப்படும் தேசிய தொழிற் தகைமை. இதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். முதியோர் பராமரிப்பு, தாதி உதவியாளர், மருந்தக உதவி போன்ற பணிகளுக்கு இந்தச் சட்டகத்துக்குள் பயிற்சிகள் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் என்ற பாடம் பாடசாலைக்குள்ளேயே வந்துவிட்டது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் அந்தத் தொழில் பிரிவில் தொடரலாம்.

இப்படிப் படிப்படியாக ஏறும் பாதையைத் தாழ்வாக நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே தாதியருக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மில்ட்ரெட் மொண்டாக் என்ற தாதியியல் கல்வியாளரின் யோசனைப்படி 1952இல் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு வருடத் தாதியர் கற்கை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. சமுதாயக் கல்லூரி என்பது அந்தந்த ஊரில், குறைந்த கட்டணத்தில், வேலை செய்துகொண்டும் படிக்கக்கூடிய கல்லூரி. இன்றும் அங்கே இரண்டு வருடம் படித்தவரும் நான்கு வருடம் பட்டம் படித்தவரும் பதிவுபெற்ற தாதியாவதற்கு ஒரே தேசியப் பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு வருடம் படித்து வேலைக்குச் சேர்ந்தவர் பின்னர் பட்டத்தையும் முடித்துக்கொள்ளலாம். சிறிய கல்லூரியில் படித்தவர் என்பதற்காக நோயாளி அவரது கையைத் தட்டிவிடுவதில்லை. அந்தக் கல்லூரியின் சான்றிதழுக்குச் சட்டப்படி மதிப்பு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நமது மாணவியின் சான்றிதழில் இல்லாமற்போனதும் அதுவே.

இனி, நமது பிள்ளைகளுக்கு இந்தக் கதவுகள் எங்கே மூடப்படுகின்றன என்று பார்ப்போம். பலர் உயர் தரத்தில் என்று நினைக்கிறார்கள். எனது அனுபவத்தில் அது ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. தாதியர் பயிற்சியோ ஆய்வுகூடப் பயிற்சியோ எதுவாக இருந்தாலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றின் பெறுபேறுகளை முதலில் கேட்பார்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், அடுத்தவர் வருவதற்குள் இரண்டு தவணைகள் கழிந்துவிட்டால் அந்த வகுப்பிலிருந்து எத்தனை தாதியர் இல்லாமற்போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. அதே பிள்ளைகள் பின்னர் கலைப் பிரிவில் சேர்கிறார்கள். விரும்பிச் சேர்பவர்கள் குறைவு. பக்கத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. அது இருக்கும் பாடசாலைக்குத் தினமும் போய்வர பஸ் இல்லை. விடுதியில் விட வீட்டாருக்கு மனமில்லை. எனது மாணவியின் கதையும் இதுதான். ஆறாம் வகுப்பில் டாக்டர் என்று கையுயர்த்தியவர் உயர் தரத்தில் எடுத்தவை தமிழ், இஸ்லாம், புவியியல்.

தோட்டப் பாடசாலைகளின் நிலை இதைவிடக் கடினம். எங்கள் கடைத்தெருவுக்கு மேலே இருக்கும் தோட்டங்களில் வாழும் பிள்ளைகளும் நமது பிள்ளைகளும் ஒரே மொழியில் படிக்கிறார்கள், ஒரே பற்றாக்குறையைச் சுமக்கிறார்கள். ஆனால் கோரிக்கை வைக்கும்போது மட்டும் நாம் தனித்தனியாக நிற்கிறோம். வலயக் கல்விப் பணிமனைக்கு முஸ்லிம் பாடசாலைக்காக ஒரு கடிதம், தமிழ்ப் பாடசாலைக்காக இன்னொரு கடிதம். இரண்டும் ஒரே கோப்பில் தூங்குகின்றன.

இதெல்லாம் வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டுந்தானா? இல்லை. பதுளை மாவட்டத்தின் எந்த வைத்தியசாலையிலும் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலை நின்று பாருங்கள். கொழுந்து பறித்த கை காயாமல் வந்த தோட்டத்து அம்மாவும் அபாயா அணிந்த நமது மூத்தம்மாவும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவருக்கும் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். நெஞ்சு எரிகிறதா, இறுக்குகிறதா, குத்துகிறதா என்பதை வேறு மொழியில் பிரித்துச் சொல்ல அவர்களால் ஏலாது. ஆனால் டாக்டருக்கு மிகவும் தேவையானதே அந்த வேறுபாடுதான்.

ஒருமுறை நான் கண்ட காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு தாய்க்குப் பெண்கள் சம்பந்தமான நோய். மொழிபெயர்க்க வந்திருந்தவர் பாடசாலைச் சீருடையில் இருந்த அவரது மகன். பத்து, பதினொரு வயது இருக்கும். டாக்டர் கேட்ட கேள்வியை உம்மாவிடம் கேட்க அந்தப் பிள்ளைக்கு வெட்கம். உம்மா சொன்னதை டாக்டரிடம் சொல்ல வார்த்தை இல்லை. "வயித்து வலி" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னான். வயிற்று வலிக்கு மருந்து எழுதப்பட்டது. டாக்டர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரு தாதி இருந்திருந்தால் விடயம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சட்டத்தில் குறையில்லை. 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழை அரச கரும மொழியாகவும் நிர்வாக மொழியாகவும் ஆக்கின. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அரச ஊழியர்கள் இரண்டாவது அரச கரும மொழியையும் கற்க வேண்டுமென 2007இல் சுற்றுநிருபம் வந்தது. ஆனால் சுற்றுநிருபத்தால் ஊசி போட முடியாது. வார்ட்டில் நள்ளிரவில் "அம்மா, எங்க வலிக்குது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நமது பாடசாலைகள்தாம் உருவாக்க வேண்டும்.

தோட்டங்களின் சுகாதார வரலாறும் இதையே சொல்கிறது. 1872இலும் பின்னர் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பைப் பற்றிப் பேசின. அந்த வழியில் டிஸ்பென்சரியும் தோட்ட மருத்துவ உதவியாளரும் வந்தார்கள். ஏனைய கிராமங்கள் அரச சுகாதார சேவைக்குள் இருந்தபோது தோட்டங்கள் நீண்ட காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1990களிலிருந்துதான் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடத்தின் பெயர்ப்பலகை மாறியது. உள்ளே வேலை செய்யத் தமிழ் பேசும் பயிற்சி பெற்றவர்கள் போதிய அளவு உருவாக்கப்படவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் டாக்டர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டைவிட்டுப் போனார்கள். மலைநாட்டு வைத்தியசாலைகள் அதை இரட்டிப்பாக உணர்கின்றன. அந்த வெற்றிடங்களை யாராவது நிரப்பத்தான் போகிறார்கள். அவர்களில் நமது பிள்ளைகளும் இருப்பார்களா என்பதே கேள்வி.

இது முடியாத காரியமல்ல. நமது சமூகம் இதே போன்ற ஒன்றை முன்னர் செய்து காட்டியிருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்னர் முஸ்லிம் பாடசாலைகளில் முஸ்லிம் ஆசிரியர்களே அரிது. ஆசிரியைகள் அதைவிட அரிது. பின்னர் அட்டாளைச்சேனையிலும் அளுத்கமையிலும் ஆசிரியர் கலாசாலைகள் உருவாயின. அளுத்கமையில் இருந்தது முஸ்லிம் பெண்களுக்கானது. வயதுக்கு வந்த பெண்ணை விடுதியில் விடுவதா என்று அன்றும் ஊர்கள் கேட்டன. இன்று நமது பாடசாலைகளை நடத்துவது பெரும்பாலும் பெண் ஆசிரியைகள்தாம். மலையகத்திலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் தோட்டப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கின. நானும் ஓர் ஆசிரியர் கலாசாலையிலிருந்து வந்தவன்தான், பல்கலைக்கழகத்துக்குப் போனவனல்ல. இரண்டு வருடப் பயிற்சியும் அதற்குச் சட்டப்படியான மதிப்பும் ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி மாற்றும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விடயமல்ல. கல்வித் துறையில் ஆசிரியர் கலாசாலை செய்ததைச் சுகாதாரத் துறையில் தாதியர் கல்லூரியும் என்.வி.கியூ. பயிற்சியும் செய்யலாம்.

பெற்றோரின் அச்சங்களைத் தட்டிக்கழித்துவிட்டுப் பேச முடியாது. இரவுக் கடமை, ஆண் நோயாளி, உடை, தூரத்து நியமனம் என்று எல்லாமே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஆனால் நமது உம்மாமாருக்குப் பிரசவம் பார்க்கப் பெண்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் நாம், அந்தப் பெண்ணை வேறு யாரோ பெற்று, படிக்கவைத்து, இரவுக் கடமைக்கு அனுப்ப வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரழி) அவர்கள் காயமடைந்தோருக்குச் சிகிச்சையளித்த கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்ததாக வரலாறு சொல்கிறது. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அங்கேதான் பராமரிக்கப்பட்டார்கள். இந்த வரலாற்றை நாம் மீலாத் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

இன்னோர் அச்சமும் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 2019 மே மாதம் குருணாகல் போதனா வைத்தியசாலை டாக்டர் ஷாபி ஷிஹாப்தீன் மீது கருத்தடைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டுக் கைதுசெய்யப்பட்டதை எவரும் மறக்கவில்லை. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் கூறியது. "படிச்சி டாக்டராகியும் இதுதானே" என்று அப்போது எனது வகுப்பில் ஒரு மாணவன் சொன்னான். அதற்குப் பதில் டாக்டர் ஷாபியிடமிருந்தே வந்தது. 2022இல் நிலுவைச் சம்பளமாக 26 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தபோது அந்தத் தொகையை நாட்டுக்கு மருந்து வாங்குவதற்காகச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்தார். வைத்தியசாலையிலிருந்து நாம் ஒதுங்கிக்கொண்டால் நம்மைப் பற்றிய வதந்திகளுக்கு இடம் கூடும். நம் பிள்ளைகள் வார்ட்டில் நின்று எல்லாச் சமூகத்து நோயாளிகளின் காயத்தையும் கழுவினால் அந்த வதந்தியை நம்புவது பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கே கடினமாகும்.

படிக்க அனுப்பத் தயங்கும் நாம் வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்கியதில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நஃபீக் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனார். எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தப் பிள்ளையின் கையில் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது. 2013 ஜனவரியில் ரிஸானாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே வளைகுடா நாடுகளுக்குக் கேரளத்துப் பெண்கள் பதிவுபெற்ற தாதியராகப் போய்க் குடும்பங்களை உயர்த்தினார்கள். இரு சாராரும் ஏறியது ஒரே விமானங்களில்தான். ஒருவரிடம் சட்டம் மதிக்கும் சான்றிதழ் இருந்தது. மற்றவரிடம் வறுமை மட்டுமே இருந்தது. பதுளையின் தோட்டங்களிலிருந்தும் முஸ்லிம் குடியிருப்புகளிலிருந்தும் இன்றும் பெண்கள் பணிப்பெண்களாகப் போகிறார்கள். 2019இல் ஜப்பானுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் கீழ் பராமரிப்புத் துறைக்குப் போக வேண்டுமானால் தொழிற்திறன் பரீட்சையிலும் ஜப்பானிய மொழிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். உலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ஆகவே பெற்றோருக்கு முதலில் ஒரு வேண்டுகோள். எந்தச் சுகாதாரப் பாடநெறிக்கும் ஒரு சதம் கட்டுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா? இரண்டு, நிறுவனம் மட்டுமல்லாமல் இந்தக் குறிப்பிட்ட பாடநெறியும் என்.வி.கியூ. சான்றிதழுக்காக அங்கீகரிக்கப்பட்டதா? பலர் ஏமாறுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். சுவரில் நிறுவனத்தின் பதிவுப் பத்திரம் தொங்கும். ஆனால் நமது பிள்ளை படிக்கும் பாடநெறி அதற்குள் இருக்காது. மூன்று, படித்து முடித்ததும் எந்தப் பேரவையில் பதிவுசெய்யலாம்? தாதியாகப் பணிபுரிய 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். தாதி உதவியாளர் வேறு, பதிவுபெற்ற தாதி வேறு. உதவியாளர் பயிற்சியும் கண்ணியமானதுதான். ஆனால் உதவியாளர் பாடநெறியைத் தாதியர் டிப்ளோமா என்று விற்பது ஏமாற்று. இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்திலிருந்து காப்பைக் கழற்றாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஸகாத் குழுக்களுக்கும். வருடாவருடம் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம், நல்லது. அந்த விழாச் செலவில் பாதியை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதிக் கணித, விஞ்ஞான வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். ஜும்ஆவுக்குப் பின்னர் அறிவித்தல் வாசிக்கும்போது வர்த்தமானியில் வந்த தாதியர், மருத்துவிச்சி விண்ணப்பங்களையும் முடிவுத் திகதியுடன் வாசியுங்கள். நகரத்தில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஒரு தங்குமிடத்தை நாலைந்து ஊர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தால் அரைவாசி அச்சம் தீர்ந்துவிடும். அந்த வார இறுதி வகுப்பில் மேல்தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நாற்காலி போடுங்கள். அவர்களும் நாமும் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. புதிய கல்விச் சீர்திருத்தம் பற்றி இன்று எல்லா மேடைகளிலும் பேசப்படுகிறது. தொழிற்கல்விக்கு முக்கியத்துவம் என்கிறார்கள். அப்படியானால் ஊவாவின் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் எத்தனைக்கு விஞ்ஞானப் பிரிவு கிடைக்கும், சுகாதாரப் பராமரிப்புப் பாடத்தைத் தமிழில் கற்பிக்க யார் நியமிக்கப்படுவார்கள், தாதியர் பயிற்சிக்குப் போகும் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தாக்குப்பிடிக்க என்ன முன்பயிற்சி தரப்படும் என்று கேட்போம். பாலம் திறக்கவும் பாதை போடவும் கேட்டுப் பழகிய நமக்கு இவற்றைக் கேட்கவும் பழக்கம் வர வேண்டும்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். டாக்டர் என்று கையுயர்த்தும் பிள்ளையின் கையைக் கீழே இறக்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் இன்னும் பத்துக் கதவுகள் இருப்பதையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். பதினோராம் வகுப்பில் சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும். ஆறாம் வகுப்பில் சொன்னால் அது பாதையாக இருக்கும்.

அந்த மாணவி இப்போது சாதாரண தரக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்பவும் படிக்கிறார். மாலை நேரத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இன்னும் நான்கு பிள்ளைகளுடன் உட்கார்ந்து கணக்குச் செய்கிறார். அவர்களில் இருவர் தோட்டத்திலிருந்து வருபவர்கள். அங்கீகாரம் பெற்ற ஒரு பராமரிப்புப் பயிற்சிக்கும் விண்ணப்பித்திருக்கிறார். சேரும் முன்னர் மூன்று கேள்விகளையும் தானே போய்க் கேட்டுவிட்டு, பதிலை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். உம்மாவின் காப்புகள் இன்னும் மீளவில்லை. என்றாவது ஒருநாள் பதுளை வார்ட்டொன்றில் ஒரு சிறுவன் உம்மாவுக்காக வார்த்தை தேடித் தடுமாறும்போது, "நீங்க வெளியில இருங்க தம்பி, நான் உம்மாக்கிட்ட கேக்கிறன்" என்று சொல்ல அவர் அங்கே நிற்க வேண்டும் என்பதே எனது துஆ. அல்லாஹ் இலகுபடுத்துவானாக.